ஜி.பி.எஸ். கொண்டுபோய் விட்ட வீடு

இத்தாலிய மொழியில் ஒரு பெண் குரல் கட்டளையிட்டால் எனக்கு மறுத்துப் பேச வராது. பலேர்மோவுக்கு வந்த நாளில் இருந்து சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுகிற ஒரு முதலாளியம்மாவின் வீட்டில் வேலை செய்து பழகிய உடம்பு இது. சன்னலைத் திற என்றால் திறப்பேன், மூடு என்றால் மூடுவேன். இப்போதுதானே திறந்தோம், ஏன் மூடவேண்டும் என்று யோசிக்கிற பகுதி என் மூளையில் நெடுங்காலமாக லீவில் இருக்கிறது. (என் பெயர் அமலன். சிஞ்ஞோராவின் வாயில் அது முதல் நாளே அமேலியோ ஆகிவிட்டது. திருத்தத்தான் நினைத்தேன். ஆனால் மறுத்துப் பேச வராது என்று சொன்னேனே.)

இப்படிப்பட்ட ஒருவன் வாழ்க்கையில் வாங்கக்கூடாத பொருள் ஒன்று உண்டென்றால், அது காரில் பூட்டுகிற ஜி.பி.எஸ். கருவி. நான் வாங்கினேன்.

அந்த வருஷம்தான் எனக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. கிடைத்த கையோடு, ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று ஒருவர் விற்ற பழைய சின்னக் காரையும் வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் எனக்குப் பலேர்மோ தெரியாது என்பது தெரிந்தது. நடந்து போவதென்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். எந்தச் சந்துக்குள் புகுந்தால் எந்தக் கோயிலின் பின்பக்கம் வரும், எந்த மீன்காரனின் மேசையைச் சுற்றிப் போகவேண்டும் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சந்துக்குள் கார் நுழையாது. நுழைகிற இடத்தில் அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டும். அம்புக்குறியும் இல்லாவிட்டால், அனுமதி இல்லாத வண்டிகளைப் படம் பிடிக்க ஒரு கமெரா காத்திருக்கும். எங்கள் வீடு ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்தில் இருந்து எட்டி நடந்தால் வந்துவிடும், சந்தைக்குப் பின்னால். முதல் முறை காரில் அங்கே போக எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. கடைசியில் காரை எங்கோ விட்டுவிட்டு நடந்துதான் வீடு சேர்ந்தேன்.

போனிலேயே வழி காட்டும், பிறகு ஏன் தனியாக ஒரு கருவி என்று என் மனைவி ஜெசிந்தா கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் போனில் வரைபடம் ஓடும்போது அவளும் எடுப்பாள், வெங்காயம் வாங்கச் சொல்லுவாள், அதற்குள் திருப்பம் போய்விடும். இந்தக் காரணத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? தொழில்நுட்பம் என்று பொதுவாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

கருவிக்குள் இருந்த பெண் குரல் எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. சிஞ்ஞோராவின் குரலை விட இளமையானது. பிழையான பக்கம் திருப்பினால்கூடக் கோபிக்காமல் வேறு வழி சொல்லும். கருவி முதலில் என் வீட்டு விலாசத்தைக் கேட்டது. எந்த அலுவலகத்தில் கேட்டாலும் எழுதிக் கொடுக்கிற விலாசம் ஒன்று என்னிடம் இருந்தது. அதையே எழுத்துப் பிழை இல்லாமல் கொடுத்தேன். திரையில் குட்டியாக ஒரு வீட்டுப் படம் வந்தது. அதை விரலால் ஒருமுறை அமர்த்தினால் போதும், உலகின் எந்த மூலையில் இருந்தும் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுமாம்.

சனிக்கிழமை பரீட்சித்துப் பார்த்தேன். மலைமேல் இருக்கிற சாந்தா ரொசாலியா கோயிலுக்குப் போகச் சொன்னேன். ஒரு பிழை இல்லாமல் கொண்டுபோய் விட்டது. எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் போய்க் கும்பிடுகிற மலை அது. நானும் மெழுகுதிரி கொளுத்தி, காருக்கும் கருவிக்கும் சேர்த்து மன்றாடினேன். திரும்பும்போது தெரிந்த வழிதானே என்று கருவியை நிறுத்திவிட்டேன். அந்த வீட்டுப் படத்தை அன்றைக்கே ஒருமுறை அமர்த்திப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

இவ்வளவு அவசரமாகக் கருவி வாங்கியதற்குக் காரணம், ஜெசிந்தாவின் தங்கை டிலானி. எங்களோடுதான் இருந்தாள். ஒரு கல்யாண வீட்டில் நாப்போலியில் இருந்து வந்த பொடியன் ஒருவனைக் கண்டிருக்கிறாள், அவனும் இவளைக் கண்டிருக்கிறான். மிச்சத்தை அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். பொடியனின் தாய்க்குச் சம்மதம். தகப்பன் சவிரிமுத்து ஐயாதான் பிடி கொடுக்காமல் இருந்தார். அவர் முன்பு ஒரு குடும்பத்தின் வாய்ப்பந்தலில் ஏமாந்து மகளைக் கொடுத்துவிட்டு நொந்துபோனவர். ஆகையால் பெண்ணின் குடும்பத்தை நேரில் பார்த்த பிறகுதான் பதில் சொல்வேன் என்று சொல்லிவிட்டார். நகையும் வேண்டாம், வீடும் வேண்டாம், பொய் இல்லாத குடும்பமாக இருந்தால் போதும் என்று போனில் என்னிடம் சொன்னார். எங்களுடையது இரண்டு அறை வீடு, வேலையும் வீட்டு வேலைதான் என்று நானும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நல்லது தம்பி என்று ஒரே சொல்லில் போனை வைத்தார். அந்த ஒரு சொல்லை நம்பி டிலானி சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தாள்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. ஜெசிந்தா விடியவே நண்டு வாங்கிவந்து குழம்புக்கு உட்கார்ந்துவிட்டாள். ஸ்டேஷன் கிட்டத்தானே, போய் நடத்தியே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். எப்படி நடத்திக் கூட்டிவருவது? வீட்டில் கார் இருக்கிறது, காரில் கருவி இருக்கிறது. நாப்போலிக்காரர் முன்னால் பெட்டியைத் தலையில் வைத்து நடக்கவா? நான் காரின் திறப்பைச் சுழற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ரயில் இரவு முழுக்க ஓடி, கப்பலுக்குள் ஏறிக் கடலைத் தாண்டி, முற்பகலில் வந்து சேர்ந்தது. சவிரிமுத்து ஐயா மெலிந்து உயர்ந்த மனிதர். சிரிப்பை எங்கோ பத்திரமாக வைத்துவிட்டு வந்தவர்போல இருந்தார். மனைவி திரேசம்மா அதற்கு நேர்மாறு. பட்டுச் சேலையோடு இறங்கியதில் இருந்து கதைதான். ஐயாவை முன் இருக்கையில் உட்கார வைத்தேன். இனி நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், வீடு வரைக்கும் இதுவே வழி சொல்லும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்து, குட்டி வீட்டை அமர்த்தினேன்.

முதல் குழியிலேயே கருவி கண்ணாடியில் இருந்து கழன்று ஐயாவின் மடியில் விழுந்தது. அவர் அதை இரண்டு கையாலும் தூக்கி, நான் பார்க்கக்கூடிய உயரத்தில் பிடித்துக்கொண்டார். நற்கருணைப் பவனியில் சுவாமியார் பொன் கதிர்ப்பாத்திரத்தை முகத்துக்கு நேரே பிடிப்பாரே, அதே பிடி. கடைசி வரைக்கும் இறக்கவில்லை.

குரல் சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். வீடு பின்னால் இருக்க, கார் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒருவழிப் பாதைகளைச் சுற்றிப் போகிறாள், கெட்டிக்காரி என்று எண்ணினேன். கடைகள் பெரிதாயின, நடைபாதைகள் அகலமாயின, இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள் வந்தன. எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் எல்லாமே எனக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள். லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருப் பக்கம் நான் வேலைக்குப் போகிற பஸ் தினமும் போகிற பாதை அது. ஒவ்வொரு நாளும் இந்த ரோட்டால்தான் வருகிறேன் என்று திரேசம்மாவிடம் பெருமையாக வேறு சொன்னேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்து, நல்ல இடம் தம்பி, நல்ல இடம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஐயா கருவியைப் பிடித்த பிடியிலேயே இருந்தார்.

இடது பக்கத்தில் உங்கள் வீடு என்று குரல் அறிவித்தது. நிறுத்தினேன். இறங்கினேன். பெட்டிகளை இறக்கினேன். சட்டைப்பையில் இருந்து திறப்புக் கோர்வையை எடுத்து, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான பெரிய மரக்கதவைத் திறந்தேன். எல்லாம் கை தானாகச் செய்தது. பளிங்குப் படிகளுக்கு முன்னால் திரேசம்மா செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தபோதுதான் தலைக்குள் மின்சாரம் வந்தது.

நான் நின்றது சிஞ்ஞோராவின் வீட்டு வாசலில்.

நடந்தது இதுதான். பலேர்மோவுக்கு வந்த புதிதில் நான் சிஞ்ஞோராவின் வீட்டிலேயே, சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் தங்கி வேலை செய்தேன். என் ரெசிதென்சா, அதாவது அரசாங்கத்துக்குத் தெரிந்த என் வீட்டு விலாசம், அன்றைக்கே அங்கே பதிவானது. பிறகு கல்யாணம் முடித்தேன், சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்தேன். விலாசத்தை மட்டும் மாற்றவில்லை. (மாற்ற ஒரு நாள் லீவு வேண்டும். லீவு கிடைத்தால் நான் நித்திரை கொள்ளுவேன்.) இங்கே எங்கள் ஆட்களில் பலருக்கு இப்படித்தான், தாளில் ஒரு வீடு, தரையில் ஒரு வீடு. கருவி வீடு எங்கே என்று கேட்டபோது, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் பதில் சொல்கிற பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டேன்.

வாய் திறந்து சொல்லுவதற்குள் மேலே கதவு திறந்தது. "அமேலியோ!" என்று சிஞ்ஞோராவின் குரல். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு நாள் ஆகையால் அவரே சமைத்துக்கொண்டிருந்தார். ஏப்ரன், கையெல்லாம் மா, தலையில் ஒரு துணிக்கட்டு. நான் குடும்பத்தோடு அவரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து மகிழ்ந்துபோய், எண்பதைத் தாண்டிய வயதில் படியிறங்கி வந்து திரேசம்மாவின் கையில் இருந்த பையை வாங்கினார். திரேசம்மா மற்றப் பையையும் கொடுத்தார். பிறகு குடையையும் கொடுத்தார்.

கொடுத்துவிட்டு என் காதுக்குள் குனிந்தார்.

"வெள்ளைக்காரியை வேலைக்கு வைச்சிருக்கிறியளோ, தம்பி?"

எனக்கு நாக்கு உள்ளே போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். ஐயா, சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொந்த மகன் வந்தால்கூட உட்காராத நாற்காலி அது. கருவி இன்னும் அவர் கையில். திரேசம்மா தன் நாப்போலி இத்தாலியத்தில், தனக்குச் சீனி போடாமல் ஒரு கோப்பி, கணவருக்குச் சீனி போட்டு ஒன்று என்று சிஞ்ஞோராவிடம் சொல்லி அனுப்பினார். சிஞ்ஞோரா சந்தோஷமாகப் போனார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். கோப்பிப் பாத்திரத்தைத் தாருங்கள், நான் போடுகிறேன் என்று கெஞ்சினேன். இன்றைக்கு ஞாயிறு, நீ என் விருந்தாளி, போய் உட்கார் என்று கட்டளை வந்தது. இத்தாலிய மொழியில், பெண் குரலில். போய் உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்து சிஞ்ஞோரா, சீனி எங்கே இருக்கிறது அமேலியோ என்று சத்தம் போட்டுக் கேட்டார். மேல் தட்டில் இடது பக்கம் என்று நானும் இருந்த இடத்தில் இருந்தே சத்தம் போட்டேன். வேலைக்காரிக்குச் சீனி இருக்கிற இடமும் தெரியாதா என்பதுபோலத் திரேசம்மா அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஜெசிந்தா.

"எங்கை நிக்கிறியள்?"

"வீட்டை வந்திட்டம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. விருந்தினர் முன்னால் வேறு என்னத்தைச் சொல்ல?

அந்தப் பக்கம் நண்டுக்குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்.

"எந்த வீட்டை?"

போனை வைத்தேன். சவிரிமுத்து ஐயா கூரையைப் பார்த்தார். அதில் குண்டுக் குழந்தைகளாகத் தேவதூதர்கள் வரைந்திருக்கும். நான் மாதம் ஒருமுறை ஏணியில் ஏறி ஒட்டடை அடிக்கிற தேவதூதர்கள். பிறகு அவர் அந்த அறைக்கு அப்பால் தெரிந்த மற்ற அறையையும், அதற்கு அப்பால் தெரிந்த மற்றதையும் பார்த்தார். முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"ரெண்டு அறை எண்டெல்லோ சொன்னனீர்" என்றார்.

டிலானியின் கல்யாணம் அந்தப் பளிங்குத் தரையில் விழுந்து உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. தைக்கக் கொடுத்த சட்டை, விடிய எழும்பித் துருவிய தேங்காய், நேற்று முழுக்க இவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுக்கேட்டு என்னைத் தின்ற அந்தப் பிள்ளையின் முகம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. பொய்யே சொல்லாமல் பொய்யனாகி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா, இது என்ரை வீடு இல்லை. நான் இஞ்சை வேலை செய்யிறன். அவதான் வீட்டுக்காரி."

கோப்பித் தட்டோடு சிஞ்ஞோரா உள்ளே வந்த நேரமும் அதுதான். திரேசம்மா சுடுதண்ணீர் பட்டவர்போல எழுந்து ஓடித் தட்டைப் பிடித்தார். விருந்தாளியிடம் தட்டைக் கொடுக்கச் சிஞ்ஞோராவுக்கு மனமில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கோப்பி கொஞ்சம் பட்டுச் சேலையில், கொஞ்சம் கம்பளத்தில். (அந்தக் கறையைத் திங்கட்கிழமை யார் தேய்த்தது என்று கேட்காதீர்கள்.)

ஐயா அசையவில்லை. கையில் இருந்த கருவியைக் காட்டி, அப்படியானால் இது ஏன் இங்கே கொண்டுவந்தது என்று கேட்டார். ரெசிதென்சா கதையைச் சொன்னேன். பின் அறையில் தங்கியது, விலாசத்தை மாற்றாதது, வீடு எது என்று கருவி கேட்டது, நான் யோசிக்காமல் பதில் சொன்னது எல்லாம். சொல்லி முடித்து, தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

முதலில் ஏதோ இருமுகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் சவிரிமுத்து ஐயா சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது, கருவியும் குலுங்கியது, கண்ணால் தண்ணீர் ஓடியது. திரேசம்மாவுக்கே அது புதினம். நாற்பது வருஷ வாழ்க்கையில் தான் இப்படிக் கண்டதில்லை என்று பிறகு சொன்னார்.

"தம்பி, நாப்போலியிலை நான் ஆர் தெரியுமோ? கடலைப் பாத்த வீட்டிலை ஆறாம் மாடிக்காரன். ஒரு டொத்தோரின்ரை வீடு. அங்கை வேலையை விட்டு எத்தினை வருஷம். என்ரை விலாசம் இன்னும் அங்கைதான் கிடக்கு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் என்னத்துக்குச் சிரிக்கிறீர்கள் என்று சிஞ்ஞோரா கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். தன்னை வேலைக்காரி என்று நினைத்த பகுதியில் அவர் கைதட்டிச் சிரித்தார். ஆனால் கருவி பிழை விட்டுவிட்டது என்று நான் சொன்ன இடத்தில் முகம் மாறிவிட்டது. என்ன பிழை என்று கேட்டார். பதிவு இங்கே இருக்கிறது, திறப்பு உன்னிடம் இருக்கிறது, சீனி இருக்கிற இடமும் உனக்குத்தான் தெரியும், பிறகு இது யாருடைய வீடு என்று கோபமாகவே கேட்டார். வழக்கம்போல எனக்கு மறுத்துப் பேச வரவில்லை.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று நின்ற அவரை, வீட்டில் நண்டு காத்திருக்கிறது என்று சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாயிற்று. கடைசியில் அவர் சுட்டுவைத்த பாஸ்தாவைத் தட்டோடு தூக்கித் தந்துவிட்டார். கீழே வந்ததும் ஐயா, அந்தப் பிள்ளையை நிப்பாட்டிவிடும் தம்பி என்று கருவியை என்னிடம் நீட்டினார். கார் அங்கேயே நிற்கட்டும், நீர் வேலை முடிந்து எப்படி வீட்டுக்குப் போவீரோ அப்படியே எங்களையும் கூட்டிக்கொண்டு போம் என்றார். பஸ்ஸில் போனோம். திரேசம்மா பெட்டியின்மேல் உட்கார்ந்தார். ஐயா எனக்குப் பக்கத்தில், பாஸ்தாத் தட்டை அதே கதிர்ப்பாத்திரப் பிடியில் பிடித்துக்கொண்டு நின்றார். தெரிந்த சந்து வழியாக நடத்தி, மீன்காரனின் மேசையைச் சுற்றி, அவர்களை என் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

வாசலில் ஜெசிந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் புதுச் சட்டையில் டிலானி, அழுது துடைத்த கண்ணோடு. ஐயா தட்டை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். முன்னறையைப் பார்த்தார், தலையை நீட்டிப் பின்னறையைப் பார்த்தார்.

"ஓம், ரெண்டு அறைதான்" என்றார்.

அதுதான் சம்மதம். நண்டுக்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டோம்.

கல்யாணத்தில் சிஞ்ஞோரா முதல் வரிசையில் உட்கார்ந்தார். திரேசம்மா அவரை ஒரு வேலை செய்ய விடவில்லை. கைப்பையைத் தானே தூக்கினார், குடையைத் தானே பிடித்தார், கோப்பியில் எத்தனை கரண்டி சீனி என்று மொழி தெரிந்த மட்டும் கேட்டுக் கேட்டுப் போட்டார். எனக்கு வந்த வினை வேறு. இனி நான் எந்தக் காலத்தில் யாரிடம் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னாலும், "எந்த வீட்டை?" என்று கேட்பார்கள். மனைவி கேட்பாள், மச்சாள் கேட்பாள், நாப்போலியில் இருந்து சம்பந்தி போனில் கேட்பார். பூசை முடிந்து கோயில் வாசலில் விடைபெற்றால் சுவாமியாரே கேட்கிறார். டிலானியின் மகளுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. கதை ஒன்றும் தெரியாமலே அவளும் கேட்கிறாள், பலேர்மோத் தெருப் பிள்ளைகளின் ராகத்தோடு.

போன மாரியில் சிஞ்ஞோரா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய மகன் இத்தாலியின் வடக்கில், வரப் பிந்தும். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று நான்தான் காரைக் கொண்டுபோனேன். முன் இருக்கையில் அவரைப் பக்குவமாக உட்கார வைத்து, பெல்ட்டைப் பூட்டினேன். இளைத்துப்போயிருந்தார். ஜி.பி.எஸ்ஸைப் பார்த்துவிட்டு, இதுதானா அந்தப் பெண், இன்னும் விலாசம் மாற்றவில்லையா என்று கேட்டார். மாற்றவில்லை என்றேன். அவரே விரலை நீட்டிக் குட்டி வீட்டை அமர்த்தினார். குரல் ஒரு திருப்பமும் பிசகாமல் கொண்டுபோயிற்று. கருவி வாங்கியதற்கு, அந்தக் குட்டி வீடு சரியான வீட்டுக்குக் கொண்டுபோன நாள் அன்றுதான்.

அவரைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிடும்போது போன் அடித்தது. எங்கே நிற்கிறீர்கள் என்று ஜெசிந்தா கேட்டாள்.

"வீட்டை வந்திட்டம்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

இத்தனை வருஷத்தில் அன்று ஒருநாள் மட்டும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"சிஞ்ஞோரா சாப்பிட்டவவோ? நான் சூப் வைச்சுக்கொண்டு வாறன்" என்றாள்.